விளக்கு எரிந்தும் வலை ஓடாத கதை: படுவான்கரை அரிசி ஆலையொன்றின் கம்பிவழி வலையமைப்பு பற்றிய நிகழ்வு ஆய்வு

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் நடுத்தர அளவிலான அரிசி ஆலை ஒன்று இயங்குகிறது. கடந்த சிறுபோக அறுவடைக்குச் சற்று முன்னர், அந்த ஆலையின் கணினி வலையமைப்பின் நடுவில் இருந்த பழைய சுவிச்சை, அதாவது எல்லாக் கணினிகளின் கேபிள்களும் வந்து சேரும் பெட்டியை, கழற்றிவிட்டு, அதைவிடப் பத்து மடங்கு வேகமான புதிய சுவிச் ஒன்றைப் பொருத்தினார்கள். அன்றிலிருந்து வலையமைப்பு ஒழுங்காக வேலை செய்யவில்லை. சில கணினிகள் இணையவே இல்லை. இணைந்தவற்றில் சில பழைய வேகத்தைவிட மந்தமாயின. வாசலில் உள்ள நிறுவை அறைக்கும் உள்ளே உள்ள அலுவலகத்துக்கும் இடையிலான தொடர்பு நண்பகலில் அறுந்து, மாலையில் தானாகவே திரும்பி வந்தது. புதிய சுவிச் பழுதானது என்று எல்லோரும் முடிவு செய்தார்கள். விற்ற கடை உத்தரவாதத்தின் கீழ் வேறொன்றைத் தந்தது. அதிலும் அதே கோளாறுகள் அப்படியே இருந்தன. அதன் பின்னரே என்னை அழைத்தார்கள்.

அறுவடைக் காலத்தில் அரிசி ஆலையின் வாசலைப் பார்த்தவர்களுக்கு இதன் பாரதூரம் விளங்கும். நெல் ஏற்றிய உழவு இயந்திரப் பெட்டிகளும் லொறிகளும் வீதி வரை வரிசையாக நிற்கும். நிறையும் ஈரப்பதமும் பதிந்த துண்டு அச்சாகி வராமல் காசாளர் பணம் கொடுக்க மாட்டார். அறுவடை இயந்திரத்துக்கும் கூலியாட்களுக்கும் அன்றைக்கே பணம் கட்ட வேண்டிய விவசாயி அந்தத் துண்டுக்காக வெயிலில் காத்திருப்பார். கையால் எழுதிக் கொடுத்த துண்டுகளில் ஏற்பட்ட குழப்பம் இரண்டு தடவை வாய்த்தர்க்கத்தில் முடிந்ததாக உரிமையாளர் சொன்னார். ஆகவே இதைக் கணினிக் கோளாறு என்று மட்டும் கருதிவிட முடியவில்லை.

வலையின் அமைப்பு

முன்வாசலில் பாரத் தராசும் அதையொட்டிய சிறிய நிறுவை அறையும் உள்ளன. நெல் காயவைக்கும் சீமெந்துத் தளத்தைக் கடந்து சென்றால் இரண்டு மாடி அலுவலகம் வரும். அதற்குப் பின்னால் தகட்டுக் கூரையிட்ட களஞ்சியம் இருக்கிறது. சுவிச்சும் கணக்குத் தரவுகளைத் தாங்கிய சேவையகமும் அலுவலகத்தின் மேல்மாடியில் உள்ளன. அங்கிருந்து மொத்தம் 22 இணைப்புகள் புறப்படுகின்றன. அவற்றில் 14 அலுவலக மேசைகளுக்கும், ஒன்று நிறுவை அறைக்கும், ஒன்று களஞ்சியத்துக்கும், ஆறு கண்காணிப்புக் கமராக்களுக்கும் செல்கின்றன. கமராக்களுக்குரியவை இரண்டு ஆண்டுகளுக்கு முன் இழுக்கப்பட்டவை. ஏனையவை அதற்கும் பல ஆண்டுகள் முந்தியவை. எந்தக் கேபிள் எங்கே போகிறது என்று எழுதிவைத்த தாள் ஒன்றும் இருக்கவில்லை. பழைய சுவிச் செக்கனுக்கு 100 மெகாபிற் வேகமுடையது. புதியது 1000 மெகாபிற், அதாவது ஒரு கிகாபிற் வேகமுடையது.

நான் போவதற்கு முன் வேறொருவர் ஒரு திருத்த முயற்சி செய்திருந்தார். இணையாத துறைகளை (கேபிள் செருகும் வாய்களை) சுவிச்சின் அமைப்புப் பக்கத்தில் தேடிப் பிடித்து, இரு முனைகளும் வேகத்தைத் தாமே பேசித் தீர்மானிக்கும் தானியங்கி இணக்கத்தை நிறுத்தி, 100 மெகாபிற், முழு இருவழி (ஒரே நேரத்தில் அனுப்பவும் பெறவும்) என்று நிலையாக அமைத்துவிட்டார். எரியாதிருந்த விளக்குகள் எரிந்தன. "லைற் எரியிதுதானே தம்பி, பிறகும் ஏன் இப்பிடி இழுக்குது?" என்று உரிமையாளர் என்னிடம் கேட்ட கேள்வியிலேயே இந்த ஆய்வின் முழுப் பொருளும் அடங்கியிருந்தது. சுவிச்சின் துறையில் எரியும் விளக்கு, மறுமுனையில் ஏதோ ஒரு சாதனம் பேசுகிறது என்பதை மட்டுமே காட்டும். பேசுவது பிழையின்றிப் போய்ச் சேர்கிறதா என்பதையோ, இடையில் உள்ள கம்பி நியமத்துக்கு இணங்கியதா என்பதையோ அது காட்டாது.

முதலில் பார்த்த எண்கள்

எந்தக் கேபிளையும் தொடுமுன் சுவிச்சின் துறைவாரியான பிழை எண்ணிகளைப் பார்த்தேன். கம்பிவழி வலைகளின் பொது நியமமான ஈதர்நெற்றில், சட்டகம் எனப்படும் தரவுப் பொதி ஒவ்வொன்றின் கடைசியிலும் 32 பிற் நீளமான ஒரு சரிபார்ப்புத் தொகை இருக்கும். பெறும் முனை அதைத் திரும்பக் கணித்துப் பார்த்து, பொருந்தாவிட்டால் அந்தச் சட்டகத்தை வீசிவிடும். அனுப்பியவருக்கு ஈதர்நெற் மட்டத்தில் எந்த அறிவிப்பும் போகாது. மேலடுக்கில் இருக்கும் நெறிமுறையே, பதில் வராததைக் கண்டு, சற்றுப் பொறுத்து மீண்டும் அனுப்பும். ஆகவே கம்பியில் நடக்கும் பிழை பயனாளரின் கண்ணுக்குப் பிழையாகத் தெரியாமல் மந்தமாகவே தெரியும். கணக்கு மென்பொருள் நத்தை வேகத்தில் திறக்கிறது என்ற முறைப்பாட்டுக்கும் கம்பிக்கும் தொடர்பிருக்கலாம் என்று அலுவலகத்தில் எவருக்கும் தோன்றாததற்கு இதுவே காரணம்.

1000பேஸ்-ரி எனப்படும் கிகாபிற் நியமம், பத்து பில்லியன் பிற்றுகளுக்கு ஒன்றுக்கு மேல் பிழை வரக்கூடாது என்கிறது. முழு வேகத்தில் ஓடும்போதும் அது பத்துச் செக்கனுக்கு ஒரு பிழைதான். நல்ல கேபிளில் நாட்கணக்கில் ஒன்றும் வராது. இங்கே ஒன்பது துறைகளில் எண்ணிகள் என் கண்முன்னேயே ஏறிக்கொண்டிருந்தன. பழுது ஒரே இடத்தில் இருந்தால் எண்கள் ஓரிடத்தில் குவியும். இவை கட்டடம் முழுவதும் பரவியிருந்தன. ஆலையின் பெரிய மோட்டர்களால் வரும் மின்காந்த இரைச்சலாக இருக்குமோ என்று முதலில் நானும் ஐயப்பட்டேன். ஆனால் மதிய உணவுக்காக ஆலையை நிறுத்திய வேளையிலும் எண்ணிகள் அதே வேகத்தில் ஏறியதால் அந்த ஐயத்தை விட்டுவிட்டேன்.

வலுக்கட்டாயமாக எரியவைத்த விளக்குகள்

முதற் திருத்த முயற்சியால் விளைந்த கோளாறை முதலில் அகற்ற வேண்டியிருந்தது. முறுக்கிய சோடிக் கம்பியில் இரு முனைகளும் தம்மால் இயலும் வேகங்களையும் அரை இருவழி, முழு இருவழித் தன்மையையும் குறுந்துடிப்புகள் மூலம் ஒன்றுக்கொன்று அறிவித்து, இரண்டுக்கும் பொதுவான உயர்ந்த நிலையைத் தெரிவு செய்வதே தானியங்கி இணக்கம். ஒரு முனையில் அதை நிறுத்தி, 100 மெகாபிற் முழு இருவழி என்று நிலைப்படுத்தினால், மறுமுனை தன் அறிவிப்புக்குப் பதில் வராததைக் காணும். வரும் சைகையின் வடிவைக் கொண்டு வேகம் 100 என்பதை அதனால் ஊகிக்க முடியும். இருவழித் தன்மையை ஊகிக்க வழியில்லை. அந்த நிலையில் அரை இருவழியையே, அதாவது ஒரு நேரத்தில் அனுப்புவது அல்லது பெறுவது மட்டும் என்பதையே, எடுக்க வேண்டும் என்பது நியமத்தின் விதி. இதனால் சுவிச் எந்த நேரமும் அனுப்பலாம் என்று நினைத்து அனுப்பும். கணினியோ அதைத் தன் அனுப்பலோடு நேர்ந்த மோதலாகக் கருதி நடுவில் நிறுத்திவிடும். சிறிய செய்திகள் எப்படியோ போய்விடும். பெரிய கோப்பு அனுப்பும்போது எல்லாம் சிக்கிக்கொள்ளும். நிறுவைத் துண்டு அச்சாகியபோதும் நாளாந்தக் கொள்வனவு அறிக்கை திறக்காமல் நின்றதற்குக் காரணம் இதுதான்.

துறைகள் அனைத்தையும் மீண்டும் தானியங்கி இணக்கத்துக்குக் கொண்டுவந்தேன். சில விளக்குகள் மறுபடியும் அணைந்தன. அலுவலகத்தினர் முகம் சுருங்கியது உண்மை. ஆனால் அணைந்த விளக்கு மறைந்திருந்த பழுதை உள்ளபடி காட்டியது. கிகாபிற் செம்புக் கம்பியில் தானியங்கி இணக்கம் கட்டாயமானது. எந்த முனை நேரத்துடிப்புக்கு முதல்வர் என்பதையும் அதன்மூலமே தீர்மானிக்கிறார்கள். அதை நிறுத்தி எதையும் திருத்த முயல்வதை நான் முற்றாகத் தவிர்ப்பேன்.

இரண்டு சோடியும் நான்கு சோடியும்

அணைந்த விளக்குகளில் நான்கு, அலுவலகத்தின் கீழ்த்தளத்தைச் சேர்ந்தவை. சுவர்ப் பெட்டிகளைக் கழற்றிப் பார்த்ததும் காரணம் தெரிந்தது. நான்கு மேசைகளுக்கு இரண்டு கேபிள்களே இழுக்கப்பட்டிருந்தன. ஒவ்வொரு கேபிளிலும் உள்ள நான்கு சோடிகளில் செம்மஞ்சளும் பச்சையும் ஒரு கணினிக்கும், நீலமும் கபிலமும் அடுத்த கணினிக்கும் எனப் பங்கிடப்பட்டிருந்தன.

பழைய சுவிச்சில் இது பல ஆண்டுகள் குறையின்றி ஓடியிருக்கிறது; ஓடியதற்கு நியாயமும் உண்டு. 1990 இல் மின், மின்னணுப் பொறியியலாளர்களின் அமைப்பான ஐஇஇஇ, செக்கனுக்கு 10 மெகாபிற் வேகத்துக்குரிய 10பேஸ்-ரி நியமத்தை வெளியிட்டபோது, அலுவலகக் கட்டடங்களில் ஏற்கனவே கிடந்த தொலைபேசிக் கம்பிகளையே பயன்படுத்தும் நோக்கம் இருந்தது. எனவே அனுப்ப ஒரு சோடி, பெற ஒரு சோடி எனப் பிளக்கில் உள்ள எட்டு முனைகளில் 1, 2, 3, 6 ஆகியவற்றை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். நடுவில் உள்ள 4, 5 தொலைபேசி இணைப்புக்குரியவை என்பதால் அவற்றைத் தொடவில்லை. 1995 இல் வந்த 100பேஸ்-ரிஎக்ஸ் நியமமும் அதே இரண்டு சோடிகளையே பயன்படுத்தியது. கேபிளைச் சிக்கனப்படுத்த விரும்பிய ஒருவருக்கு எஞ்சிய இரண்டு சோடிகளும் வீணாகக் கிடப்பதாகத்தான் தெரிந்திருக்கும்.

1999 இல் வந்த 1000பேஸ்-ரி வேறு வழியில் சென்றது. கம்பியில் செல்லும் சைகையின் துடிப்பு வீதத்தை அது கூட்டவில்லை. 100 மெகாபிற்றில் இருந்த அதே செக்கனுக்கு 125 மில்லியன் துடிப்பு என்ற வீதத்தையே வைத்துக்கொண்டது. அதற்குப் பதிலாக நான்கு சோடிகளையும் எடுத்தது. ஒவ்வொன்றிலும் ஐந்து மின்னழுத்தப் படிகளைப் பயன்படுத்தித் துடிப்புக்கு இரண்டு பிற் வீதம் 250 மெகாபிற்றை ஏற்றியது. அதுவும் போதாதென்று, ஒவ்வொரு சோடியிலும் இரு திசைகளிலும் ஒரே நேரத்தில் சைகை செல்லவும் வைத்தது. தன் குரலின் எதிரொலியைத் தானே கழித்துவிட்டு மற்றவர் குரலைக் கேட்கும் திறன் இரு முனைகளிலும் உள்ள சில்லுகளுக்கு வேண்டியதாயிற்று. கட்டடங்களில் கிடந்த, கேட் 5 எனப்படும் தர வகைக் கேபிளையே வைத்துக்கொண்டு வேகத்தைப் பத்து மடங்காக்கிய இந்த வடிவமைப்பை நான் இன்றைக்கும் வியப்போடுதான் படிக்கிறேன்.

ஆனால் இதில் ஒரு பொறி இருக்கிறது. வேகத்தைப் பேசித் தீர்மானிக்கும் இணக்கப் பேச்சு பழைய 1, 2, 3, 6 முனைகளிலேயே நடக்கிறது. ஆகவே இரண்டு சோடி மட்டும் உள்ள கம்பியிலும் இரு முனைகளும் கிகாபிற் வேகத்துக்கு மகிழ்ச்சியோடு உடன்பட்டுவிடும். உடன்பட்டபின் நான்கு சோடிகளிலும் பேசத் தொடங்கினால் இரண்டில் பதிலே இருக்காது. இணைப்பு எழாது, மீண்டும் பேச்சு, மீண்டும் உடன்பாடு, மீண்டும் தோல்வி. சில உற்பத்தியாளர்களின் சில்லுகள் சில தடவை தோற்றபின் தாமாகவே 100 மெகாபிற்றுக்கு இறங்கிக்கொள்ளும். அது நியமம் வகுத்த ஏற்பாடு அல்ல. அவர்கள் சேர்த்துக்கொண்ட வசதி. நான்கு மேசைகளில் இரண்டு நெடுநேரம் கழித்துப் பழைய வேகத்தில் இணைந்ததும், மற்ற இரண்டு இணையவே இல்லாததும் இந்த வேறுபாட்டால்தான். புதிய சுவிச்சில் எந்தப் பழுதும் இருக்கவில்லை. அது தன் நியமப்படி நான்கு சோடி கேட்டது. சுவருக்குள் இரண்டுதான் இருந்தது.

நேர் வரிசை என்ற தவறு

அலுவலகத்தின் இன்னும் ஐந்து இணைப்புகளில் எட்டுக் கம்பிகளும் முனைக்கு முனை சரியாகச் சேர்ந்திருந்தன. கம்பி வேலை செய்பவர்கள் வைத்திருக்கும் சிறிய சோதனைப் பெட்டியைப் போட்டுப் பார்த்தபோது எட்டு விளக்குகளும் ஒழுங்காக ஒன்றன்பின் ஒன்றாக எரிந்தன. ஆனாலும் மிக அதிகமான பிழைகள் இந்த ஐந்தில்தான் இருந்தன.

பிளக்கின் உள்ளே நிற வரிசையைக் கண்ணால் பார்த்தால் போதும். வெள்ளைச் செம்மஞ்சள், செம்மஞ்சள், வெள்ளைப் பச்சை, பச்சை, வெள்ளை நீலம், நீலம், வெள்ளைக் கபிலம், கபிலம் என்று சோடி சோடியாக நேர் வரிசையில் அடுக்கியிருந்தார்கள். பார்வைக்கு இதைவிட ஒழுங்கான வரிசை இல்லை. மறுமுனையிலும் இதே வரிசை என்பதால் கம்பிகள் மாறவுமில்லை. "ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தாச் சரி" என்று எங்கள் பகுதியில் தொழில் பழகும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதை நானே கேட்டிருக்கிறேன். எந்த முனை எதனோடு சேர்கிறது என்பதை மட்டும் பார்த்தால் அது சரி. எந்தக் கம்பி எதனோடு முறுக்கப்பட்டிருக்கிறது என்பதைப் பார்த்தால் தவறு.

சோடியின் இரு கம்பிகளிலும் சைகை ஒன்றுக்கொன்று எதிராகச் செல்கிறது. வெளியிலிருந்து வரும் இரைச்சல், முறுக்கின் காரணமாக, இரு கம்பிகளையும் ஏறத்தாழச் சமமாகவே தாக்கும். பெறும் முனை இரண்டின் வித்தியாசத்தை மட்டும் எடுப்பதால் இரைச்சல் கழிந்துபோகும். அடுத்தடுத்த சோடிகள் ஒன்றையொன்று தொந்தரவு செய்யாதிருக்க ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு முறுக்கு நெருக்கம் வைத்திருக்கிறார்கள். இந்த முழு ஏற்பாடும், ஒரு சைகையின் இரு பாதிகளும் ஒரே முறுக்கில் செல்லும் என்ற நம்பிக்கையில் நிற்கிறது. நேர் வரிசையில் அடுக்கியபோது, 3, 6 முனைகளுக்குரிய சைகையின் ஒரு பாதி வெள்ளைப் பச்சையிலும் மற்றப் பாதி நீலத்திலும் சென்றது. 4, 5 முனைகளுக்குரியது பச்சையிலும் வெள்ளை நீலத்திலும் சென்றது. பச்சைச் சோடியும் நீலச் சோடியும் ஒன்றின் பேச்சை மற்றொன்று முழுமையாகக் கேட்கும் நிலை ஏற்பட்டது. தொழிலில் இதைப் பிளவுபட்ட சோடி என்போம்.

3 உம் 6 உம் ஒரு சோடியாக 4, 5 முனைகளை அணைத்துக்கொண்டு நிற்பது விசித்திரமாகத்தான் தெரியும். அது தொலைபேசிக் காலத்தின் எச்சம். தொலைபேசிப் பிளக்கில் நடு இரண்டு முனைகள் முதற் தொடுப்புக்கும், அவற்றின் இரு புறமும் உள்ளவை இரண்டாவது தொடுப்புக்கும் உரியவை. அந்த ஒழுங்கைத் தழுவியே 1991 இல் வந்த அமெரிக்கத் தொலைத்தொடர்புக் கம்பியிடல் நியமத்தில் ரி568ஏ, ரி568பி என்ற இரண்டு நிற வரிசைகள் இடம்பெற்றன. இவற்றில் எதைப் பின்பற்றினாலும் தவறில்லை. ஒரு கட்டடம் முழுவதும் ஒன்றையே பின்பற்ற வேண்டும். அவை ஏன் அப்படி இருக்கின்றன என்பதைச் சொல்லிக்கொடுக்காமல் வரிசையை மட்டும் மனனம் செய்யச் சொன்னால், மறந்துபோகும் நாளில் மனம் நேர் வரிசைக்கே திரும்பிவிடும்.

ஒரு வார இறுதிக்குச் சான்றளிக்கும் சோதனைக் கருவி ஒன்றைக் கொழும்பிலிருந்து வாடகைக்கு எடுத்தோம். கேட் 5ஈ வகைச் சுவர்க் கம்பியிடலில் 100 மெகாஹேர்ட்ஸ் அதிர்வெண்ணில் சோடிகளுக்கிடையிலான கசிவுத் தடுப்புக் குறைந்தது 32.3 டெசிபெல் இருக்க வேண்டும். ஐந்து இணைப்புகளில் ஒன்றுகூட 15 டெசிபெலைத் தொடவில்லை. குறைவு 17 டெசிபெலுக்கு மேல் என்றால் கசியும் சக்தி ஐம்பது மடங்குக்கு மேல் என்று பொருள். எட்டு விளக்குகளும் எரிந்த சோதனைப் பெட்டி இதில் ஒன்றையும் அறியாது. அது நேரோட்டத்தை மட்டுமே அனுப்பிப் பார்க்கிறது.

கச்சானும் 118 மீற்றரும்

நிறுவை அறைக் கேபிளின் நீளத்தைக் கருவி 118 மீற்றர் என்று காட்டியது. நியமம் அனுமதிப்பது 100 மீற்றர். அதிலும் சுவருக்குள் நிலையாக இருப்பது 90 மீற்றருக்கு மேற்படக் கூடாது, எஞ்சிய பத்து மீற்றர் இரு முனைகளிலும் பொருத்தும் வளைகேபிள்களுக்குரியது. சட்டகங்களின் மோதலைக் கண்டறியும் நேரக் கணக்கால்தான் இந்த 100 மீற்றர் எல்லை வந்தது என்று சிலர் கற்பிப்பதுண்டு. மோதல் என்பதே நிகழாத இன்றைய முழு இருவழி இணைப்பிலும் அந்த எல்லை அப்படியே இருக்கிறது. காரணம், தூரம் கூடக் கூடச் சைகை தேய்கிறது.

தேய்மானம் வெப்பத்தோடு கூடும். கவசமில்லாத முறுக்கிய சோடியில் 20 பாகைக்கு மேல் ஒவ்வொரு பாகைக்கும் 0.4 சதவீதமும், 40 பாகைக்கு மேல் ஒவ்வொரு பாகைக்கும் 0.6 சதவீதமும் கூடுவதாகக் கணக்கிட வேண்டும் என்கிறது கம்பியிடல் நியமம். நமது நாட்டில் கம்பி வேலைக்கு மதிப்பீடு தயாரிப்பவர்கள் இந்தப் பகுதியை அநேகமாகப் புரட்டுவதில்லை. இந்தக் கேபிள் வாகனக் கொட்டகையின் தகட்டுக் கூரைக்குக் கீழே ஒட்டி ஓடுகிறது. ஆடி மாதத்தில், மேற்கிலிருந்து கச்சான் காற்று அனலாக வீசும் ஒரு நண்பகலில், தகட்டுக்குக் கீழே வெப்பமானியை வைத்தபோது 52 பாகை காட்டியது. அந்தச் சூட்டில் தேய்மானம் ஏறத்தாழ 15 சதவீதம் கூடும். முழுக் கேபிளும் அங்கே இருந்திருந்தால் 118 மீற்றர், 135 மீற்றர் போல நடந்திருக்கும். காலையும் மாலையும் தாக்குப்பிடித்து, நண்பகலில் அறுந்த தொடர்பின் மர்மம் இதுவே. பழைய சுவிச் காலத்திலும் ஆனி, ஆடி மாதங்களில் இப்படி நடந்ததுண்டு. தராசு சூடாகிவிட்டது என்று அப்போது விட்டுவிட்டார்களாம்.

இந்த இணைப்புக்கு இன்னொரு வரலாறும் இருந்தது. ஐப்பசி, கார்த்திகை இடிமழையில் நிறுவை அறைக் கணினியின் வலையட்டை இரண்டு தடவை எரிந்திருக்கிறது. நிறுவை அறைக்கும் அலுவலகத்துக்கும் நில இணைப்புகள் வேறுவேறு. அண்மையில் மின்னல் விழும்போது இரு நிலங்களுக்கும் இடையே பல்லாயிரம் வோல்ற் வித்தியாசம் கணப்பொழுதுக்கு எழலாம். இரண்டையும் இணைக்கும் செம்பு அந்த மின்னோட்டத்துக்குப் பாதையாகிவிடும். ஈதர்நெற் துறையின் உள்ளே உள்ள சிறு மின்மாற்றி 1500 வோல்ற்றை ஒரு நிமிடம் தாங்க வேண்டும் என்று நியமம் கேட்கிறது. மின்னலுக்கு அது போதாது.

ஆகவே செம்பைக் கைவிட்டு ஒற்றைமுறை ஒளியிழையை இழுத்தோம். 1000பேஸ்-எல்எக்ஸ் நியமப்படி அது ஐந்து கிலோமீற்றர் வரை போகும். 118 மீற்றர் அதற்கு ஒரு பொருட்டல்ல. உலோகக் கவசமுள்ள இழையா, இல்லாததா என்பதில்தான் சிறிது யோசித்தோம். அரிசி ஆலையில் எலிகளுக்குக் குறைவில்லை. கவசம் இருந்தால் கடியிலிருந்து தப்பும். ஆனால் இரு கட்டடங்களையும் இணைக்கும் அந்த உலோகக் கவசம், நாம் அகற்ற விரும்பிய மின்பாதையையே திரும்பக் கொண்டுவந்துவிடும். எனவே கவசமில்லாத இழையைக் கனமான பிவிசி குழாய்க்குள் விட்டு நிலத்தில் புதைத்து, குழாயின் இரு வாய்களையும் அடைத்தோம்.

இரவில் அணையும் கமராக்கள்

கமராக்களைப் பற்றி ஆலையார் என்னிடம் முறையிடவே இல்லை. அவை இரவில் அடிக்கடி அணைந்து எரிவதைப் பழக்கமாக ஏற்றுக்கொண்டிருந்தார்கள். கேபிளின் மேலுறையில் கேட் 6 என்று அச்சிட்டிருந்தது. கம்பியின் முனையைக் கத்தியால் சுரண்டியதும் செம்பின் சிவப்புப் போய் வெள்ளை தெரிந்தது. அலுமினியத்துக்குச் செம்பு முலாம் பூசிய கம்பி. அலுமினியத்தின் மின்தடைத்திறன் செம்பைவிட ஏறத்தாழ 1.6 மடங்கு. கேட் 5ஈ, கேட் 6 எந்த வகைக்கும் முழுச் செம்பையே நியமம் கேட்கிறது. இந்தக் கம்பி எந்த வகையிலும் சேராது.

62 மீற்றர் நீளமான ஒரு கேபிளில் ஒரு சோடியின் மறுமுனையைக் குறுக்கிணைத்து அளந்தபோது 19 ஓம் வந்தது. முழுச் செம்பாக இருந்தால் 11.6 ஓமுக்கு மேல் வரக்கூடாது. கமராக்களுக்கு மின்சாரம் கொடுத்த முறையும் நியமத்துக்கு வெளியே இருந்தது. 12 வோல்ற் மின்னைப் பயன்படாத சோடிகளில் நேரடியாகச் செலுத்தும் மலிவான இணைப்பிகளைப் போட்டிருந்தார்கள். ஒரு சோடி போகவும் ஒரு சோடி வரவும் பயன்படும்போது பாதையின் தடை 9.5 ஓம். பகலில் கமரா கால் அம்பியர் எடுக்கும்போது 2.4 வோல்ற் கம்பியிலேயே போய்விடும், எஞ்சிய 9.6 வோல்ற்றில் அது எப்படியோ ஓடும். இரவில் அகச்சிவப்பு விளக்குகள் எரியத் தொடங்கி அரை அம்பியர் கேட்டதும், கமராவைச் சேர்வது 7 வோல்ற்றைச் சற்றே தாண்டும். கமரா அணையும், அணைந்ததும் மின்னோட்டம் குறைந்து மின்னழுத்தம் ஏறும், மீண்டும் எரியும். விடியும் வரை இதுவே நடந்தது.

வலைக் கேபிளிலேயே மின்சாரம் கொடுப்பதற்கென 2003 இல் வந்த 802.3ஏஎஃப் நியமம், மின்னை வழங்கும் முனையில் 44 முதல் 57 வோல்ற் வரை வைத்திருப்பதன் காரணத்தை இந்தக் கணக்கே சொல்லும். அதே ஆறு வாற்றை 48 வோல்ற்றில் அனுப்பினால் மின்னோட்டம் நான்கில் ஒன்றாகும்; இதே மோசமான கம்பியிலும் இழப்பு 1.2 வோல்ற்றுக்குள் அடங்கும். அத்துடன், மறுமுனையில் இருப்பது மின் ஏற்கும் சாதனம்தானா என்று சிறு மின்னழுத்தத்தால் சோதித்த பின்னரே முழு மின்னும் திறக்கும். ஆறு கேபிள்களையும் முழுச் செம்புக்கு மாற்றினோம். நான்கு கமராக்கள் இந்த நியமத்தை ஏற்கனவே ஏற்பவையாக இருந்தன. ஏனைய இரண்டுக்கும் நியமப்படி மின்னைப் பெற்று 12 வோல்ற்றாக மாற்றும் பிரிப்பான்களைப் பொருத்தினோம்.

கேபிள் வாங்கப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பெட்டியின் மேலுள்ள எழுத்தை நம்பாமல், ஒரு சாதாரண பல்மானியை எடுத்துச் சென்று, ஒரு சோடியின் உள்முனையைக் குறுக்கிணைத்து வெளிமுனையில் தடையை அளவுங்கள். 100 மீற்றருக்கு 18.8 ஓமைத் தாண்டினால் அந்தச் சுருளைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். 305 மீற்றர் கொண்ட முழுப் பெட்டியானால் 57 ஓம் என்று கணக்கிடுங்கள்.

மறுவேலையும் மீள் அளவீடும்

நான்கு மேசைகளுக்கும் தனித்தனிக் கேபிள் இழுத்தோம். பிளவுபட்ட ஐந்து இணைப்புகளில் கேபிளை மாற்ற வேண்டியிருக்கவில்லை. இரு முனைகளையும் வெட்டி, ரி568பி வரிசையில் மீண்டும் சேர்த்தோம். சேர்க்கும் இடத்தில் முறுக்கை 13 மில்லிமீற்றருக்கு மேல் பிரிக்காதிருப்பதில் கவனமாக இருந்தோம். நேர்த்தியாகத் தெரிய வேண்டும் என்பதற்காக நீளமாகப் பிரித்து வரிசைப்படுத்தும் பழக்கம் பலருக்கு உண்டு. பிரித்த ஒவ்வொரு மில்லிமீற்றரும் கசிவுக்கு வழியாகும். செலவின் பெரும்பகுதி கேபிளுக்கும் ஆட்கூலிக்கும் போனது. மொத்தம் புதிய சுவிச்சின் விலையைத் தாண்டியபோது உரிமையாளர் தயங்கினார். சோதனைக் கருவியின் திரையில் திருத்துமுன், திருத்தியபின் என்ற இரண்டு வரைபடங்களையும் பக்கத்துப் பக்கமாகக் காட்டியபின் அவர் வேறொன்றும் கேட்கவில்லை.

வேலை முடிந்தபின் செம்பு இணைப்புகள் 21 ஐயும் கருவியால் மீண்டும் அளந்தோம், எல்லாம் தேறின. எண்ணிகளைப் பூச்சியமாக்கிவிட்டு, கொள்வனவு உச்சத்தில் இருந்த மூன்று நாட்கள் பார்த்தோம். பிழை எண்ணி எந்தத் துறையிலும் நகரவில்லை. நிறுவைத் துண்டு நண்பகலிலும் உடனே அச்சாகியது. ஒவ்வொரு கேபிளின் இரு முனையிலும் இலக்கம் ஒட்டி, அளவீட்டுத் தாள்களைச் சுவிச் இருக்கும் பெட்டியின் கதவுக்குள் வைத்தோம்.

ஓர் இணைப்பு மட்டும் என் மனதில் நிற்கிறது. களஞ்சியத்துக்குப் போகும் கேபிளின் நிலைப்பகுதி 87 மீற்றர்; எல்லைக்குள்தான் இருக்கிறது. ஆனால் அதன் பாதிக்கு மேற்பட்ட தூரம் தகட்டுக் கூரைக்கு அடியில் செல்கிறது. நாங்கள் அளந்தது மாலை ஐந்தரை மணிக்கு. அன்றைக்குத் தேறியபோதும் தேய்மானத்தில் எஞ்சியிருந்த இடைவெளி மெல்லியது. அடுத்த ஆடியில், கச்சான் வீசும் நாளொன்றின் நண்பகலில் அதை மட்டும் திரும்ப அளப்பதென்று உரிமையாளரோடு பேசி வைத்திருக்கிறேன். தேறாவிட்டால் அதற்கும் ஒளியிழைதான். நிலத்தில் புதைத்த குழாயில் அதற்கு இடம் விட்டிருக்கிறோம்.